லிஃப்டில் ஒட்டிய நாவல்

லிஃப்ட் மெக்கானிக் வேலையையும் பார்த்துக்கொண்டு நாவல் எழுத எங்கே நேரம் கிடைக்கிறது என்று யாராவது கேட்டால், "உதிரி பாகம் வர்ற வரைக்கும் நான் வேற என்னங்க பண்றது?" என்று அந்த மெக்கானிக் திருப்பிக் கேட்பார். விளையாட்டுக்குச் சொல்வதில்லை. ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டால் மொட்டை மாடிக்கு மேலே இருக்கும் மோட்டார் அறைக்கு ஏறுவார். கோளாறு எதில் என்று பத்து நிமிடத்தில் பிடித்துவிடுவார். அதன் பிறகு கம்பெனிக் கிடங்கிலிருந்து சாமான் வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆகும், சில நாள் மூன்று மணி நேரம்கூட ஆகும். கருவிப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, கிரீஸ் படாத ஒரே கட்டைவிரலால் போனில் தட்டித் தட்டி, நான்கு வருடத்தில் முந்நூறு பக்கம் எழுதி முடித்தார்.

நாவலின் பெயர் 'ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே'. ஆறு பேர் ஒரு லிஃப்டில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒருத்தி நிறைமாத கர்ப்பிணி. ஒருவன் அன்று காலையில்தான் ஒரு வீட்டில் நகையைத் திருடிவிட்டு, பையோடு வெளியே போகப் பார்க்கிறவன். அந்த நகைக்குச் சொந்தக்காரி அவன் தோளை இடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறாள். மெக்கானிக் வந்து கதவைத் திறப்பதற்குள் நடப்பதுதான் கதை.

பதிப்பகங்கள் வாசலில் காத்துக் கிடக்க அவருக்குப் பொறுமை இல்லை. மனைவியின் தம்பி அட்டைப் படம் வரைந்து கொடுத்தான். இணையத்தில் மின்னூலாகவும், யாராவது கேட்டால் அச்சடித்துக் கொடுக்கும் புத்தகமாகவும் தானே போட்டுவிட்டார். வெளியான அன்று அவர் கால் தரையில் பாவவில்லை. காலைச் சாப்பாட்டுக்கு முன்பே பதினோரு எழுத்தாளர் குழுக்களில் ஒரே அறிவிப்பைப் பதிந்தார். ஆச்சரியக் குறிகள் மட்டும் குழுவுக்குக் குழு கூடிக்கொண்டே போயின.

மதியத்துக்குள் ஒன்பது குழுக்கள் அந்தப் பதிவைத் தூக்கிவிட்டன. 'விளம்பரங்களுக்கு அனுமதி இல்லை' என்று ஒரு வரி. பத்தாவது குழு ஆளையே தூக்கிவிட்டது. பதினோராவது குழுவில் மட்டும் பதிவு இருந்தது. அந்தக் குழுவை எட்டு மாதமாக யாரும் எட்டிப் பார்த்திருக்கவில்லை.

"சரி, யாராவது படிச்சாங்களா?" என்று மனைவி கேட்டாள். அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்பவள். கிடைக்கும் பதில் நல்லதோ கெட்டதோ, சீக்கிரம் கிடைக்க வேண்டும் அவளுக்கு.

"ஒருத்தர் ரெண்டு நட்சத்திரம் போட்டிருக்கார்."

"என்ன எழுதியிருக்கார்?"

"'இன்னும் படிக்கவில்லை'ன்னு எழுதியிருக்கார்."

அவள் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள்.

ஊர் நூலகத்தின் மேல்தளத்தில் ஞாயிறு காலையில் கூடும் எழுத்து வட்டம் ஒன்று இருந்தது. பதினைந்து இருபது பேர் வருவார்கள். அவரும் ஒரு வருடமாகப் போய்க்கொண்டுதான் இருந்தார். போவார், தன் அத்தியாயத்தைப் படிப்பார், கை தட்டினால் வாங்கிக்கொள்வார், மற்றவர் படிக்க ஆரம்பித்ததும் போனில் அடுத்த அத்தியாயத்துக்குள் நுழைந்துவிடுவார். அந்த வட்டத்தில் எல்லாரும் 'கமா அக்கா' என்று கூப்பிடும் ஒரு பெண் உண்டு. மருந்துக் கடை நடத்துபவர். நாள் முழுக்க டாக்டர்களின் கையெழுத்தைப் படித்துப் படித்து, யார் எதை எழுதிக் கொடுத்தாலும் கண் முதலில் கமாவைத்தான் தேடும். தன் சிறுகதைகளை மட்டும் யாரிடமும் காட்டாமல் பையிலேயே வைத்திருப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு தன் சோகத்தைச் சொல்லி முடித்ததும், கமா அக்கா கேட்டார்: "லிஃப்டுகாரரே, போன வாரம் இங்க யார் கதை படிச்சாங்க, சொல்லுங்க பார்ப்போம்?"

அவருக்கு நினைவில்லை.

"அதுக்கு முந்தின வாரம்?"

அதுவும் இல்லை. சுற்றி இருந்தவர்கள் யாரும் சிரிக்காதது அவருக்கு இன்னும் சுருக்கென்று தைத்தது. போன வாரம் படித்தவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

"நீங்க கெட்டவர்னு சொல்லல. ஆனா நீங்க வாசல்ல நின்னு எல்லாரையும் உள்ள வாங்க வாங்கன்னு கூப்பிடறீங்க. அடுத்தவங்க வீட்டுப் பக்கம் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்ல."

அவர் எழுந்தார். எதிரில் இருந்தவரிடம் போய், போன வாரக் கதையின் பிரதியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அடுத்த நாள் மோட்டார் அறையில் எழுதவில்லை, படித்தார். படிக்கப் படிக்க அவருக்கு ஒன்று பிடிபட்டது. கதையில் கோளாறு எங்கே என்று அவர் காதுக்குக் கேட்டது, மோட்டார் ஓடும் சத்தத்திலேயே எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று கேட்பதைப் போல. அப்படியே எழுதிக் கொடுத்தார்: 'இரண்டாம் பக்கத்திலிருந்து மூன்றாம் பக்கம் போகும்போது லிஃப்டுக்கும் தரைக்கும் இரண்டு அங்குலம் வித்தியாசம் இருக்கிறது. வாசகர் தடுக்கி விழுவார். அண்ணன் ஏன் கோபித்துக்கொண்டான் என்று ஒரு வரி சேர்த்தால் சமமாகிவிடும்.' இன்னொருவருக்கு: 'எடை அதிகம். எட்டுப் பேர் ஏற வேண்டிய கதையில் பதினேழு பேர் ஏறியிருக்கிறார்கள். மணி அடிக்கிறது.'

வட்டத்தில் அந்தக் குறிப்புகள் கைக்குக் கை மாறின. பெரிய எழுத்தாளர்கள் யாருமே இப்படிச் சொன்னதில்லை என்று ஒருவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒரு பெண், "என் கதைக்கு மணி அடிக்குதா பாருங்க" என்று வரிசையில் வந்து நின்றாள். இரண்டு மாதத்தில், அவர் கேட்காமலேயே, வட்டத்தில் ஒன்பது பேர் அவர் நாவலை வாங்கிப் படித்திருந்தார்கள். நாலு பேர் தங்களுக்குத் தெரிந்த வேறு குழுக்களில் எழுதினார்கள். அவரைத் தூக்கி எறிந்த அந்தப் பத்தாவது குழுவில்கூட ஒருவர் எழுதினார்.

அந்தச் சமயத்தில்தான் பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு ஒன்றில் வேலை வந்தது. லிஃப்டின் இரும்புக் கயிறுகளை மாற்ற வேண்டும். கயிறுகள் வந்து சேரும் வரை, மூன்று வாரத்துக்கு, வேகத்தைப் பாதியாகக் குறைத்து வைத்தார்கள். தரைத் தளத்திலிருந்து உச்சிக்குப் போக மூன்று நிமிடம். ஏறியவர்கள் பெருமூச்சு விட்டார்கள், எண்களைப் பார்த்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் செருப்பைப் பார்த்தார்கள். கேபின் சுவரில் பராமரிப்பு அறிவிப்பு ஒட்டக் கண்ணாடிச் சட்டம் ஒன்று உண்டு. அதில் 'சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்ற காகிதத்தைச் செருகும்போது அவருக்குப் பளிச்சென்று தோன்றியது. மூன்று நிமிடம். அவர் நாவலில் ஒரு பக்கம் படிக்க அவ்வளவு நேரம்தான் ஆகும்.

குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் ஒரு பெண். எதையும் எழுத்தில் கேட்பவர். மெக்கானிக் முதல் பக்கத்தை நீட்டினார். அம்மாள் நின்றபடியே படித்தார். பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் காலி.

"அப்புறம்?"

"அப்புறம் நாளைக்குங்கம்மா. ஒரு நாளைக்கு ஒரு பக்கம்."

"திருடனுக்குப் பக்கத்துலயே அவ நிக்கறான்னா... அவளுக்குத் தெரியுமா தெரியாதா?"

"நாளைக்குங்கம்மா."

செயலாளர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "சரி, ஒட்டுங்க. ஒரு வாரம் பார்ப்போம்" என்றார்.

மூன்றாம் நாளே மெக்கானிக்குக்குத் தலைகால் புரியவில்லை. தரைத் தளத்தில் இறங்க வேண்டியவர்கள் இறங்காமல் மறுபடி மேலே போனார்கள். இரண்டாம் மாடிக்காரர், எப்போதும் படியேறிப் போகிறவர், "முட்டி வலிக்குது" என்று சொல்லி லிஃப்டுக்குள் வந்தார். ஐந்தாம் நாள் பக்கத்தின் ஓரத்தில் யாரோ பென்சிலால் 'இவன் திருடன் இல்லை, வேறு யாரையோ காப்பாற்றுகிறான்' என்று எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே வேறொரு கையெழுத்து: 'உங்களுக்கு மனிதர்களைத் தெரியவில்லை'. அதற்கும் கீழே மூன்றாவதாக ஒன்று: 'லிஃப்டில் சண்டை வேண்டாம்'. அவர் அந்தக் காகிதத்தைப் படம் எடுத்து வட்டத்துக்கு அனுப்பினார். "இந்தப் பேப்பரை யாருக்கும் குடுத்துடாதீங்க" என்று கமா அக்கா பதில் போட்டார். அடுத்த செய்தியிலேயே, "நாலாவது வரியில கமா விட்டுப்போச்சு" என்று சேர்த்தார்.

ஒன்பதாம் நாள் கம்பெனி மேற்பார்வையாளரிடமிருந்து போன் வந்தது.

"உன் மேல புகார் வந்திருக்குய்யா. பத்தாவது மாடியில ஒரு அம்மா. லிஃப்டுக்குள்ள என்னத்த ஒட்டி வெச்சிருக்க?"

"கதை சார்."

"என்ன கதை?"

"லிஃப்ட் நடுவுல நின்னுபோற கதை சார்."

"லிஃப்டுக்குள்ள, லிஃப்ட் நின்னுபோற கதை. அதுவும் நம்ம லிஃப்ட். அதுவும் கயிறு மாத்தற நேரத்துல. யோசிச்சுத்தான் பண்ணியா?"

உண்மையைச் சொன்னால் அவர் யோசிக்கவே இல்லை. பக்கத்தை எடுத்தார். புகார் கொடுத்தவரிடம் மன்னிப்புக் கேட்காமல் வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. லிஃப்டில் ஏறிப் போய் மன்னிப்புக் கேட்பது மரியாதையாக இருக்காது என்று தோன்றி, பத்து மாடியும் படியேறினார்.

கதவைத் திறந்தவர் பிரசவ வார்டில் நர்ஸாக இருப்பவர். அன்று அவருக்கு விடுமுறை. மெக்கானிக் மூச்சு வாங்க வாங்க நின்றார்.

"உட்காருங்க. முதல்ல தண்ணி குடிங்க" என்று உள்ளே அழைத்தார் நர்ஸம்மா. "எனக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரி லிஃப்ட்ல முக்கால் மணி நேரம் மாட்டின அனுபவம் இருக்கு. அதுல இருந்தே எனக்கு லிஃப்டுன்னா படபடன்னு வரும். உங்க முதல் பக்கத்தைப் பார்த்ததும் வேர்த்துக் கொட்டிடுச்சு. ரெண்டாம் நாள்லேர்ந்து படியிலதான் போயிட்டு வர்றேன்."

"தப்புதாங்கம்மா. நான் அப்படி நினைச்சே பார்க்கல. எல்லாத்தையும் எடுத்துட்டேன்."

"எடுத்துட்டீங்களா? எப்ப?"

"இப்பத்தான்."

அந்த அம்மாவின் முகம் மாறியது. "அப்ப நாளைக்குப் பத்தாவது பக்கம் வராதா? ஒன்பதாம் பக்கம் வரைக்கும் எதிர்வீட்டுக்காரி தினமும் வந்து சொல்லிட்டிருந்தா. அந்தப் பொண்ணுக்கு வலி எடுத்துடுச்சா இல்லையா?"

மெக்கானிக் தோள்பையில் எப்போதும் ஒரு புத்தகம் வைத்திருப்பார். எடுத்து நீட்டினார். தான் அன்று மாலை வரை எதிரே இருக்கும் கட்டடத்தில்தான் வேலையாக இருப்பதாகச் சொல்லிவிட்டு இறங்கினார். நான்கு மணிக்கு நர்ஸம்மாவே அங்கு வந்துவிட்டார். புத்தகத்தின் பதினான்காம் அத்தியாயத்தில் விரலை வைத்திருந்தார்.

"இது என்னங்க? முதல் பிரசவம்னு எழுதியிருக்கீங்க. வலி எடுத்து இருபது நிமிஷத்துல குழந்தை பிறந்துடுதா? குழந்தை என்ன, ஹார்லிக்ஸா, கலக்கினா ரெடியாக? பக்கத்துல இருக்கறவ, 'மூச்சை அடக்கு அடக்கு'ங்கறா. யாராவது அடக்கச் சொல்வாங்களா?"

மெக்கானிக்குக்கு இரண்டு குழந்தைகள். இரண்டு பிரசவத்தின்போதும் தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருந்தவர். அந்த உண்மையை ஒப்புக்கொண்டார்.

"அதான் தாழ்வாரத்துலேர்ந்து எழுதியிருக்கீங்க" என்றார் நர்ஸம்மா.

பிறகு, அந்தக் கட்டடத்தின் வரவேற்பு அறை சோபாவிலிருந்து குஷனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, முதல் வலியிலிருந்து கடைசி வரை ஒரு மணி நேரம் பாடம் எடுத்தார். எப்போது அந்தப் பெண் பேசுவாள், எப்போது பேச மாட்டாள், எப்போது பக்கத்தில் நிற்பவனைக் கெட்ட வார்த்தையில் திட்டுவாள், எல்லாவற்றையும். வாசல் காவலாளி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். மெக்கானிக் போனில் குறித்துக்கொண்டே வந்தார். மனசுக்குள் அவருக்கு வெடி வெடித்தது. கதையில் குழந்தை பிறக்கக் கூடாது! வலி எடுக்க வேண்டும், மெக்கானிக் வரும் வரை அது நீள வேண்டும், திருடன் தன் கையை அவள் பிடித்து நசுக்கக் கொடுத்துவிட்டு, நகைப் பையை மறந்து நிற்க வேண்டும். நான்கு வருடமாக அந்த அத்தியாயத்தில் ஏதோ உரசுவது அவருக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. இப்போது எதுவென்று தெரிந்துவிட்டது.

ஐந்து நாளில் திருத்தி எழுதி முடித்தார். தன் புத்தகத்துக்குத் தானே பதிப்பாளர் என்பதால் யாரிடமும் கை கட்டி நிற்க வேண்டியதில்லை. ஒரு காலைப் பொழுதில் பழைய கோப்பை எடுத்துவிட்டுப் புதிய கோப்பை ஏற்றினார். ஏற்கெனவே வாங்கியிருந்தவர்களுக்கெல்லாம் 'பதினான்காம் அத்தியாயம் பழுது பார்க்கப்பட்டுவிட்டது, மறுபடி ஏறலாம்' என்று எழுதினார்.

இதற்கிடையே குடியிருப்பில் செயலாளரின் போன் ஓயவில்லை. காலியாக இருந்த சட்டத்தில் யாரோ ஒரு துண்டுக் காகிதம் செருகியிருந்தார்கள்: 'பை இப்போது யார் கையில்?' செயலாளர் மெக்கானிக்கைக் கூப்பிட்டு, "லிஃப்டுக்குள்ளதானே ஒட்டக் கூடாது? கீழ கூடத்துல வெச்சு நீங்களே படிங்க. தரையில நிக்கறவங்களுக்கு என்ன பயம்? உங்க எழுத்தாளருங்களையும் கூட்டிட்டு வாங்க" என்றார். அதையும் எழுத்தில் கொடுத்தார்.

ஞாயிறு பிற்பகல் எழுத்து வட்டம் மொத்தமும் அங்கே இறங்கியது. கமா அக்கா நிகழ்ச்சியை நடத்த ஒப்புக்கொண்டார். நாற்பது நாற்காலி போட்டார்கள், போதவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். நர்ஸம்மா பத்து மாடி இறங்கி வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். மனைவி பின்னால் நின்று கண்ணாலேயே தைரியம் சொன்னாள்.

மெக்கானிக் பதினான்காம் அத்தியாயத்தைப் படித்தார். மூன்றாவது வரியில் அந்தப் பெண் திருடனைத் திட்டும் இடம் வந்தது. கூடம் அதிர்ந்து சிரித்தது. அடுத்த பக்கத்தில் அவள் அவன் கையை நசுக்கும்போது ஒரு சத்தமும் இல்லை. நர்ஸம்மா மட்டும் தலையை ஆட்டி ஆட்டி மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார்.

படித்து முடித்ததும் கேள்விகள். அவர் எதற்கும் பதில் சொல்லவே தேவைப்படவில்லை. திருடன் நல்லவனா இல்லையா என்று இரண்டாம் மாடிக்காரரும் ஒன்பதாம் மாடிப் பெண்ணும் மோதினார்கள். பென்சிலால் எழுதியது யார் யார் என்பது அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. கடைசியில் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. கம்பெனி மேற்பார்வையாளர். எப்போது வந்து உட்கார்ந்தாரோ.

"எனக்கு ஒரு கேள்வி. உன் கதையில மெக்கானிக் வர ரெண்டரை மணி நேரம் ஆகுது. நம்ம கம்பெனி எப்பய்யா அவ்வளவு லேட்டா ஆள் அனுப்பிச்சுது?"

"சார், சீக்கிரம் வந்துட்டா கதை முடிஞ்சுடும் சார்."

கூடமே கை தட்டியது. மேற்பார்வையாளரும் சிரித்துவிட்டார். போகும்போது, சட்டத்தில் வேறு கதை ஒட்டுவதில் கம்பெனிக்கு ஆட்சேபணை இல்லை, அவசரப் பொத்தானை மறைக்கக் கூடாது, லிஃப்ட் நிற்கிற கதையாக இருக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டுவிட்டுப் போனார்.

அன்று மெக்கானிக்கின் புத்தகத்தைப் பலர் கேட்டு வாங்கினார்கள். அந்தச் சந்தோஷத்துக்கு நடுவிலும் அவர் கமா அக்காவிடம் போய்க் கையை நீட்டினார். "பையில வெச்சிருக்கீங்களே, அதுல ஒரு கதை குடுங்க."

"ஐயோ, அதெல்லாம் இன்னும் சரியா வரல."

"நான் படிச்சுப் பார்த்து மணி அடிச்சா சொல்றேன். குடுங்க."

ஒரு வாரம் இழுத்தடித்துவிட்டு அக்கா ஒரு கதையைக் கொடுத்தார். மருந்துச் சீட்டில் எழுதியிருப்பதைத் தப்பாகப் படித்துவிட்ட ஒருத்தியின் கதை. ஒரு கமாவும் இடம் தவறவில்லை. மெக்கானிக் அதன் முதல் பக்கத்தைச் சட்டத்தில் செருகினார். புதிய கயிறுகள் வருவது இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போயிருந்தது. மோட்டார் அறைக்குப் போகாமல், ஏதோ சரி பார்ப்பவர் போல ஸ்குரூ டிரைவரைக் கையில் பிடித்துக்கொண்டு கேபின் மூலையிலேயே நின்றார். தன் பக்கத்தை ஒட்டிய அன்றுகூட அவர் நெஞ்சு இப்படி அடித்துக்கொள்ளவில்லை.

நாலாம் மாடியில் குடையோடு ஒருவர் ஏறினார். படித்தார். திடீரென்று குலுங்கிச் சிரித்தார். தரைத் தளத்தில் அவர் இறங்கியதும் மெக்கானிக் மருந்துக் கடைக்குப் போன் போட்டார்.

"அக்கா! ஒருத்தர் சிரிச்சார்! வாய்விட்டுச் சிரிச்சார்!"

"எந்த இடத்துல?"

"மூணாவது பாராவுல இருக்கும்."

"மூணாவது பாராவா?" அந்தப் பக்கம் குரல் கீச்சிட்டது. "அது அழற இடமாச்சே! லிஃப்டுகாரரே, சரியாப் பார்த்தீங்களா? வாடிக்கையாளர் நிக்கறாங்க, நான் வைக்கறேன்... இல்ல, வைக்கல, இருங்க. இன்னொருத்தர் ஏறட்டும். நல்லாக் கவனிச்சுச் சொல்லுங்க."

அவர் போனை அணைக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பன்னிரண்டாம் மாடிப் பொத்தானை அழுத்தினார்.